பதிவு எண்ணுக்கு ஒரு மனு

குழாயடியில் பல் துலக்கப் போனால் கேட்கிறார்கள். கடைக்குச் சீனி வாங்கப் போனால் கேட்கிறார்கள். கொழுந்து நிறுக்கும் மடுவத்துக்குப் பக்கத்தில் மட்டும்தான் போனில் சிக்னல் கிடைக்கும் என்பதால் அங்கே போய் நின்றால், கொழுந்து மூட்டையோடு வரிசையில் நிற்கும் பெண்கள் அத்தனை பேரும் ஒரே குரலில் கேட்கிறார்கள்.

"நம்பர் வந்துருச்சா கண்ணு?"

வரவில்லை. வந்திருந்தால் சசிரேகா இப்படிக் கொட்டுகிற மழையில் குடையைக் கழுத்தில் இடுக்கிக்கொண்டு, போனை வானத்துக்குக் காட்டியபடி நிற்பாளா? இதைக்கூட யோசிக்க மாட்டார்களா இந்த ஜனங்கள்?

நம்பர் என்று அவர்கள் சொன்னது டாக்டராகத் தொழில் பார்ப்பதற்கான பதிவு எண்ணை. சேரம்பாடிக்கு மேலே இருக்கும் மழவன்காடு எஸ்டேட்டில் அழகர்சாமி தேயிலை பேக்டரியில் வேலை செய்கிறார். அவர் மனைவி தாயம்மாள் கொழுந்து எடுக்கிறாள். அவர்கள் மகள் சசிரேகா அரசுப் பள்ளியில் படித்து, அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கான ஒதுக்கீட்டில் இடம் பிடித்து, கோவையில் மருத்துவம் படித்து, பயிற்சி வருஷத்தையும் முடித்துவிட்டு வந்திருந்தாள். எஸ்டேட் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்திலிருந்து வந்த முதல் டாக்டர். ஆனால் படிப்பு முடிந்த கையோடு டாக்டராகிவிட முடியாது. சென்னையில் இருக்கும் மருத்துவ கவுன்சில் அவள் சான்றிதழ்களைப் பார்த்து, பதிவேட்டில் பேரை ஏற்றி, எண் கொடுக்க வேண்டும். அந்த எண் இல்லாமல் ஒரு காய்ச்சல் மாத்திரை எழுதிக் கொடுத்தாலும் அவள் போலி டாக்டர்தான்.

அவசரத்துக்குக் காரணம் இருந்தது. எஸ்டேட் ஆஸ்பத்திரி பழைய டாக்டர் போனதிலிருந்து பூட்டிக் கிடந்தது. "நம்பரோட வாம்மா, சாவியைக் கையில தர்றேன். ஆனா இந்த மாசக் கடைசிக்குள்ள வந்துரு. அப்புறம் கம்பெனி அதை உர குடோனா மாத்திக்கும், நான் ஒண்ணும் செய்ய முடியாது" என்று மேனேஜர் சொல்லியிருந்தார். மாதம் பாதி ஓடிவிட்டது. கவுன்சிலின் இணையதளமோ, எப்போது திறந்தாலும் 'பரிசீலனையில் உள்ளது' என்ற ஒரே வரியைக் காட்டியது. என்னத்தைப் பரிசீலிக்கிறார்கள், அவள் நாக்கையா, நாடியையா என்று அவளுக்கு எரிச்சலாக வந்தது.

இது ஒரு பக்கம் என்றால், எஸ்டேட் ஜனங்கள் இன்னொரு பக்கம். அவள் பஸ்ஸை விட்டு இறங்கிய மறுநாளே வாசலில் கூட்டம். ஒருத்திக்குத் தலைவலி. ஒருத்தருக்கு மூட்டு. இன்னொருவர் பழைய ஸ்கேன் படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார். சசிரேகா யாரையும் பார்க்கவில்லை. பார்க்க மாட்டேன் என்றும் சொல்லிவிட்டாள். அவளோடு படித்த ஜெயஸ்ரீ குன்னூரில் மாமாவின் கிளினிக்கில் நாலு நாள் உட்கார்ந்து, யாருக்கோ ஒரு மருந்துச் சீட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டாள். அந்த ஒரு சீட்டு புகாராகப் போய், அவளுடைய விண்ணப்பம் இன்னும் ஏதோ ஒரு மேசையில் தூங்குகிறது. அந்தக் கதி தனக்கு வரக்கூடாது என்று சசிரேகா உறுதியாக இருந்தாள்.

"தலைவலிக்கு என்னன்னு ஒரு வார்த்தை கேட்டா உன் படிப்பு குறைஞ்சா போயிரும்?" என்று தாயம்மாள் பொரிந்து தள்ளினாள். "நாளைக்குக் காட்டுல அவளுக மூஞ்சில நான் எப்படி முழிப்பேன்?"

"நம்பர் வரட்டும்மா. வந்ததும் ராத்திரி பகலா பாக்கறேன். இப்ப என்னைக் கொல்லாதே."

எல்லாரும் புரிந்துகொண்டார்கள் என்றுதான் அவள் நினைத்தாள். தினேஷ்குமார் ஒருத்தன் இருப்பதை மறந்துவிட்டாள்.

தினேஷ்குமார் எஸ்டேட்டில் ஜீப் ஓட்டுகிறவன். இளைஞர் மன்றச் செயலாளரும் அவன்தான். நல்ல பையன். யாருக்கு என்ன என்றாலும் முதல் ஆளாக ஓடுவான், அதுதான் தொல்லை. சசிரேகா வந்த வாரத்திலேயே முக்குரோட்டில் ஒரு பிளெக்ஸ் வைத்துவிட்டான். ஸ்டெதஸ்கோப்போடு அவள் படம், அவளைச் சுற்றிலும் வட்டம் வட்டமாக மன்றத்து ஆண்களின் முகங்கள், கீழே 'மழவன்காட்டு மக்களின் உயிர் காக்க வந்த எங்கள் குல விளக்கே வருக' என்று தங்க நிற எழுத்து. அவள் கெஞ்சிக் கூத்தாடி அதைக் கழற்ற வைத்தாள். கழற்றியதை அவன் தன் வீட்டுக் கோழிக்கூண்டுக்கு மேலே போட்டான். அதோடு விட்டது என்று அவள் நிம்மதியாக இருந்தபோதுதான் போன் வந்தது.

மாவட்ட சுகாதார அலுவலகத்திலிருந்து பேசிய டாக்டர் மனோகரன் நிதானமாகத்தான் பேசினார். "உங்க மேல ஒரு விசாரணை வந்திருக்கும்மா. பதிவு இல்லாம வைத்தியம் பாக்கறீங்கன்னு. வியாழக்கிழமை எஸ்டேட்டுக்கு வர்றேன். ஜனங்களைக் கேட்டு அறிக்கை அனுப்பணும். அது போற வரைக்கும் உங்க விண்ணப்பம் நகராது."

"புகார் கொடுத்தது யாருங்க சார்?"

"புகாருன்னு சொல்ல முடியாது. மனு. உங்க ஊர்க்காரங்க ஊட்டியில கலெக்டர் ஆபீஸ்ல திங்கக்கிழமை குறைதீர் நாள்ல குடுத்திருக்காங்க."

மனுவின் படத்தை அவரே அனுப்பி வைத்தார். மடுவத்து ஓரத்தில் நின்று சசிரேகா படித்தாள். 'எங்கள் டாக்டர் அம்மா இரவு பகல் பாராமல், மழை குளிர் பாராமல், எங்களுக்கு இலவசமாக வைத்தியம் பார்த்து வருகிறார். பதிவு எண் இல்லாத ஒரே காரணத்தால் அவர் படும் வேதனையை எங்களால் காணப் பொறுக்கவில்லை. ஆகவே சமூகம் ஐயா அவர்கள் கருணை கூர்ந்து உடனடியாக எண் வழங்கிட வேண்டுமாய்…' கீழே லயத்தின் மொத்தக் கையெழுத்தும் கைநாட்டும் இருந்தன. தாயம்மாளின் கையெழுத்து முதல் வரிசையிலேயே இருந்தது. இணைப்பாக பிளெக்ஸின் வண்ணப்படம் வேறு.

அவளுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. நேராக ஜீப் ஷெட்டுக்குப் போனாள்.

"அண்ணா, நான் யாருக்கு வைத்தியம் பார்த்தேன்? ஒரு ஆளைச் சொல்லுங்க."

தினேஷ்குமார் துணியில் கையைத் துடைத்தான். "பாக்கலை. அது எனக்குத் தெரியாதா? ஆனா பாக்கறேன்னு எழுதினாத்தானே அவங்க அவசரமா நம்பர் குடுப்பாங்க? சும்மா உட்கார்ந்திருக்குதுன்னு எழுதினா, அப்ப இன்னும் ஆறு மாசம் உட்காரட்டும்னு விட்டுருவாங்க. குடிதண்ணி மனுவுல எல்லாரும் செத்துட்டு இருக்கோம்னு எழுதினதாலதான் தண்ணி வந்துச்சு."

இந்த நியாயத்துக்கு மருத்துவக் கல்லூரியில் பதில் சொல்லிக் கொடுக்கவில்லை. அவள் தலையில் கையை வைத்துக்கொண்டு ஜீப் படியில் உட்கார்ந்துவிட்டாள்.

"வியாழக்கிழமை ஆபீசர் வர்றாரு. தயவுசெஞ்சு எல்லாரையும் உண்மையைச் சொல்லச் சொல்லுங்க. அது போதும்."

"நீ கவலைப்படாதே. நான் பேசி வைக்கறேன்" என்றான் அவன். அந்தச் சொல்லைக் கேட்டதுமே அவள் கவலைப்பட்டிருக்க வேண்டும்.

வியாழக்கிழமை மனோகரன் வந்தார். மண் சரிந்து ஜீப் பாதை அடைபட்டிருந்ததால், ஒற்றையடிப் பாதையில் நடந்து வந்ததில் காலுறைக்குள் அட்டை ஏறியிருந்தது. யாரோ உப்பு கொண்டு வந்து போட்டார்கள். விசாரணைக்கு எஸ்டேட்டில் வேறு இடம் இல்லாததால், கொழுந்து எடுக்கப் போகும் தாய்மார் குழந்தைகளை விட்டுப்போகும் பிள்ளைக்காம்பராவை ஒதுக்கியிருந்தார்கள். அங்கே இருந்ததெல்லாம் குட்டி நாற்காலிகள். ஆபீசர் முழங்கால் மோவாயைத் தொட ஒரு சிவப்பு நாற்காலியில் உட்கார்ந்து பைலைத் திறந்தார். தொட்டில்களுக்கு நடுவே ஊரே நின்றது.

முதலில் வாட்ச்மேன் லிங்கசாமி வந்தார். துவைத்த சட்டை, திருநீறு.

"ஏனுங்க, இந்தப் பொண்ணு உங்களுக்கு வைத்தியம் பாத்திருக்குதுங்களா?"

"பாக்காமங்களா சார்! இந்த முட்டி நாலு வருசமா மடக்க முடியாதுங்க. அம்மிணி வந்து கை வச்சுது, அவ்வளவுதான். இப்பப் பாருங்க." அவர் ஆபீசர் முன்னால் உட்கார்ந்து எழுந்து காட்டினார். எழுந்தபோது பல்லைக் கடித்து வலியை அடக்கியது சசிரேகாவுக்குத் தெரிந்தது.

"சார், இவர் சொல்றது பொய். நான் இவரைத் தொட்டதே இல்லை."

"பாத்தீங்களா சார், எத்தனை அடக்கம்!" என்றார் லிங்கசாமி.

அடுத்தது கருப்பம்மாள். "என் மகளுக்குப் பிரசவமே இவதானுங்க பாத்தா. தாயும் பிள்ளையும் சொகமா இருக்காங்க." அந்தப் பிரசவம் சுல்தான் பத்தேரியில் ஒரு ஆஸ்பத்திரியில் நடந்தது. அந்த நேரத்தில் சசிரேகா கோவையில் பரீட்சை எழுதிக்கொண்டிருந்தாள். அதற்கடுத்தவர் தன் இருதயத்தை அவள் சரி செய்ததாகச் சொன்னார். கடைசியில் தாயம்மாளே முந்தானையை இழுத்துச் சொருகிக்கொண்டு வந்து, "என் புள்ளைங்கறதுக்காகச் சொல்லலைங்க" என்று ஆரம்பித்தாள்.

சசிரேகாவுக்கு அப்போதுதான் விளங்கியது. ஊருக்குள் ஒரு அதிகாரி வந்து நம் ஆளைப் பற்றி விசாரித்தால் நல்லதாகத்தான் சொல்ல வேண்டும். லிங்கசாமியின் மகன் துபாய்க்குப் போக பாஸ்போர்ட் விசாரணைக்குப் போலீஸ்காரர் வந்தபோது, அவன் குடிக்கிற ஆளா என்று கேட்டதற்கு, டீகூடக் குடிக்க மாட்டான் என்று மொத்த லயமும் சத்தியம் செய்தது. பென்ஷன் விசாரணை, ரேஷன் விசாரணை, பெண் பார்க்க வந்தவர்களின் விசாரணை, எல்லாவற்றுக்கும் அதே பழக்கம்தான். இன்றைக்கும் அதையேதான் செய்கிறார்கள். அன்பினால் அவள் கழுத்தை அறுக்கிறார்கள்.

"சார், எல்லாரும் பொய் சொல்றாங்க!" என்று அவள் கத்தினாள்.

மனோகரன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவருக்கும் அலுத்துப் போயிருந்தது. "எல்லாருமாம்மா? நான் என்ன எழுதறது? பாத்ததா இத்தனை பேர் சொல்றாங்க, பாக்கலைன்னு நீங்க ஒருத்தர் சொல்றீங்க. பாக்கலைன்னு சொல்ல ஒரே ஒரு ஆள் இருந்தா காட்டுங்க."

"நான் சொல்றேங்க."

குரல் வாசலிலிருந்து வந்தது. மழைக்குப் போட்ட பிளாஸ்டிக் தாளை இடுப்பில் கட்டியபடி, கொழுந்துப் பையைக்கூட இறக்காமல், இசக்கியம்மா நின்றாள். கடைசி லயத்தில் தனியாக இருக்கும் விதவை, தாயம்மாளோடு ஒரே நிரையில் கொழுந்து எடுக்கிறவள்.

"பெரியம்மா, நீ போ, நாங்க பேசிக்கறோம்" என்று தினேஷ்குமார் கையைக் காட்டினான்.

"நீ சும்மா இருடா. மனுவுல நானும்தான் கையெழுத்துப் போட்டேன், என்ன எழுதியிருக்குன்னு படிச்சா காட்டினே?" அவள் ஆபீசரிடம் திரும்பினாள். "இவ யாருக்கும் ஒண்ணும் பாக்கலைங்க. நான் போய்க் கேட்டேன். இடுப்புல நெருப்பு வச்ச மாதிரி எரியுது, என்னன்னு பாருன்னு சொன்னேன். தலையைத் தூக்கிக்கூடப் பாக்கலைங்க. போனையே பாத்துக்கிட்டு, கூடலூர் போங்க பெரியம்மான்னுட்டா. கூடலூருக்குப் போனா ஒரு நாள் பேரும் கூலியும் போகுமே, கொழுந்து சீசன்ல எந்தச் சூப்பர்வைசர் லீவு குடுப்பான்? நான் போகல. பந்தலூர்ல ஒருத்தர்கிட்ட காவி குழைச்சுக் கொப்புளத்து மேல எழுதிக்கிட்டேன்."

சொல்லிக்கொண்டே அவள் சேலையை விலக்கி இடுப்பைக் காட்டினாள். விலாவிலிருந்து முதுகுவரை கொப்புளங்கள் ஆறிய தழும்பு பட்டையாகக் கிடந்தது. மனோகரன் குட்டி நாற்காலியிலிருந்து எழுந்து குனிந்து பார்த்தார். விரல் நுனியால் லேசாகத் தொட்டதும் இசக்கியம்மா துடித்து விலகினாள்.

"அக்கிம்மா இது. இப்பவும் சேலை பட்டாக்கூட எரியுதா?"

"ராத்திரி படுக்க முடியலைங்க."

"வந்த ரெண்டு மூணு நாளைக்குள்ள மாத்திரை ஆரம்பிச்சிருந்தா இந்த வலி அநேகமா மிஞ்சியிருக்காது" என்றார் அவர். யாரையும் குற்றம் சொல்கிற மாதிரி சொல்லவில்லை. சொல்லிவிட்டு உட்கார்ந்து எழுத ஆரம்பித்தார்.

சசிரேகாவுக்கு அந்தச் சாயங்காலம் ஞாபகம் வந்தது. மடுவத்து ஓரம், மழை, சுற்றிச் சுற்றி வந்த இணையதளப் பக்கம். யாரோ பக்கத்தில் நின்று என்னவோ சொன்னார்கள். யார் என்றுகூட அவள் பார்க்கவில்லை.

இசக்கியம்மா வாயைத் திறந்ததும் மற்றவர்களுக்கும் துணிச்சல் வந்துவிட்டது. "நிஜத்தைச் சொன்னா, எனக்கும் பாக்கலைங்க சார்" என்றார் லிங்கசாமி, முட்டியைத் தடவிக்கொண்டு. "வாசல்லயே நிக்க வச்சு அனுப்பிச்சுடுச்சுங்க. மனசுக்கு வருத்தம்தான்." கருப்பம்மாள், பேரனுக்கு வயிற்றுப்போக்கு என்று தூக்கிக்கொண்டு போனதாகவும், உள்ளே வராதீங்க என்று சசிரேகா சொன்னதாகவும், அன்றைக்கு அழுதுகொண்டே திரும்பியதாகவும் சொன்னாள். ஸ்கேன் படம் கொண்டு வந்தவர் சொன்னார். தலைவலிக்காரி சொன்னாள். ஒருவர் மாற்றி ஒருவர், இத்தனை நாளும் நம்பர் வந்துருச்சா கண்ணு என்று சிரித்த முகத்தோடு கேட்டவர்கள் எல்லாரும் சொன்னார்கள். அந்தக் கேள்விக்குள் இவ்வளவு மனத்தாங்கல் இருந்ததா என்று அவளுக்கு அதிர்ச்சியாக இருந்தது. தாயம்மாள் மட்டும் தொட்டில் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

மனோகரன் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார். எழுத எழுத அவர் முகம் தெளிந்தது. இசக்கியம்மாவின் வாக்குமூலத்தை வாசித்துக் காட்டிக் கையெழுத்து வாங்கினார்.

"போதும்மா. இதைவிடச் சுத்தமா யாரும் இருக்க முடியாது" என்றார் சசிரேகாவிடம். "இன்னைக்கே அறிக்கையை அனுப்பிடறேன். அடுத்த வாரம் உங்களுக்கு நம்பர் வந்துரும். அந்தம்மாவை நாளைக்குக் கூடலூருக்கு அனுப்புங்க, அங்க டூட்டியில இருக்கறவர்கிட்ட நான் போன்ல சொல்லிடறேன்."

தினேஷ்குமார் விசில் அடித்தான். அழகர்சாமி பேக்டரியிலிருந்து ஓடி வந்து மகளின் கையைப் பிடித்துக்கொண்டார். ஜெயித்துவிட்டாள். சாவி கிடைக்கும், ஆஸ்பத்திரி திறக்கும், உர மூட்டை வேறு இடம் பார்த்துக்கொள்ளும். இத்தனை நாள் கவலை தீர்ந்துவிட்டது. ஆனாலும் சந்தோஷம் கிட்டே வரவில்லை. வலி என்று வந்தவளைப் பார்க்கவில்லை என்பது நிரூபணமானதால் அவளுக்கு டாக்டர் பட்டியலில் இடம் கிடைக்கப் போகிறது. இதை யாரிடம் போய்ச் சொல்வது?

சட்டத்தைத்தானே மதித்தேன் என்று தனக்குத்தானே சொல்லிப் பார்த்தாள். சரிதான். மருந்து எழுதக்கூடாது என்றுதான் சட்டம் சொன்னது. பார்க்காதே என்று சொல்லவில்லை. திரும்பிப் பார்த்து, இது அக்கி, இன்றைக்கே பஸ் ஏறு, லீவுக்கு நான் சூப்பர்வைசரிடம் பேசுகிறேன் என்று சொல்வதற்கு எந்தக் கவுன்சிலின் நம்பரும் வேண்டியிருக்கவில்லை. அவளுக்கு அவள் மேலேயே ஆத்திரமாக வந்தது.

சாயங்காலம் மழை வெறித்ததும் அவள் கடைசி லயத்துக்குப் போனாள். இசக்கியம்மா அடுப்படியில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். சேலை படாமல் இருக்க இடுப்புப் பக்கம் ஒரு பழைய மல்லுத் துணியைச் சொருகியிருந்தாள்.

"என்ன கண்ணு, நம்பர் வந்துருச்சா?"

"இல்லை பெரியம்மா. அடுத்த வாரம் வருமாம்."

"அப்ப எதுக்கு இந்தச் சகதியில வந்தே?"

"உங்களைப் பாக்கத்தான். அந்த இடத்தை ஒருதரம் காட்டுங்க."

இசக்கியம்மா கீரைத் தண்டைக் கிள்ளிப் போட்டாள். "நல்லாயிருக்கு. இவ பாக்கலைன்னு இப்பத்தானே சர்க்கார் காயிதத்துல கையெழுத்துப் போட்டுட்டு வர்றேன். மை காயறதுக்குள்ள என்னைப் பொய்க்காரி ஆக்கவா வந்தே? இவ பாத்தான்னு எவனாவது போய்ச் சொன்னா, வர்ற நம்பரும் நின்னுரும். வீட்டுக்குப் போ."

"மருந்து எழுத மாட்டேன் பெரியம்மா. சும்மா பாக்கத்தான் போறேன்."

இசக்கியம்மா நிமிர்ந்தாள்.

"அன்னைக்கு நானும் அதைத்தான் கேட்டேன் கண்ணு" என்றாள்.

அவள் குரலில் கோபம் இல்லை.